கண் டாக்டரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது? நாய், பூனை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செராஸ் என்று எந்தப் பக்கம் இருந்தாலும், நாயோ பூனையோ வளர்த்தால் ஒருநாள் இது நடக்கும். வழக்கமாகப் போகும் கிளினிக்கில் "இதைக் கண் ஸ்பெஷலிஸ்ட்தான் பார்க்கணும்" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடினால் முழம் முழமாக ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக்கட்டுரைப் பட்டியல் வந்து நிற்கும். நான் கோலாலம்பூரில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். கண் என் துறை அல்ல. ஆனால் கண் நோயாளிகளை யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்ய இந்தப் பட்டியல்களைப் படித்தே ஆக வேண்டியிருக்கிறது. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அந்த டாக்டருக்கு 90 கட்டுரை இருக்கிறது. அப்படியென்றால் கெட்டிக்காரர்தானே?

இருக்கலாம். ஆனால் அதை 90 என்ற எண் சொல்லாது. ஒரே ஆய்வு பட்டியலில் மூன்று இடத்தில் வரும்: கருத்தரங்கில் வாசித்த சுருக்கமாக ஒருமுறை, ஆய்விதழில் முழுக் கட்டுரையாக ஒருமுறை, பிறகு ஏதாவது நூலில் ஓர் அத்தியாயமாக. இதில் மோசடி எதுவும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். எண்ணிப் பார்க்கிறவர்தான் ஏமாந்து போகிறார்.

நான் தேடுவது மூன்று விஷயம். இவர் எந்தக் கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார்? எந்தப் பிராணியில்? சிகிச்சை முடிந்த பிறகு அந்தப் பிராணியை எவ்வளவு காலம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் தலைப்பிலேயே பதில் கிடைத்துவிடும்.

தலைப்பை மட்டும் படித்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிறைய. கால்நடை மருத்துவக் கட்டுரைகளின் தலைப்பு கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமாக இருக்கும். எந்தப் பிராணி, என்ன நோய், எத்தனை கேஸ், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுவார்கள்.

'செர்ரி ஐ' என்று நம் ஊரில் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் மூன்றாம் இமையில் இருக்கும் சுரப்பி சிவந்து வெளியே பிதுங்கி நிற்கும். முன்பெல்லாம் அதை வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணீரில் கணிசமான பங்கு அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது. அதை எடுத்தால் பின்னாளில் கண் காய்ந்து போகும் அபாயம் உண்டு. 1993இல் ரியா மார்கனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980 முதல் 1990 வரையிலான 89 கேஸ்களின் பதிவுகளைப் புரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுரப்பியை வெட்டாமல் உள்ளேயே ஒரு பை போலத் தைத்து வைத்த நாய்களுக்கு உலர்கண் வந்தது குறைவு. இன்று அந்த முறைக்கு மார்கனின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தத் தலைப்பில் 89 என்றும் பத்து வருடம் என்றும் பார்த்தவுடனேயே எனக்கு ஒன்று புரிகிறது: உலர்கண் உடனே வருகிற நோய் அல்ல, காத்திருந்து பார்த்தவர்களால்தான் இதைச் சொல்ல முடியும். உங்கள் ஷிஸூவுக்கோ புல்டாக்குக்கோ யாராவது "வெட்டி எடுத்திடலாம், சீக்கிரம் முடியும்" என்றால், ஏன் என்று கேளுங்கள்.

பட்டியலில் பாதி 'கேஸ் ரிப்போர்ட்', அதாவது ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்பு என்று இருக்கிறது. அது தரம் குறைந்ததா?

பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுவில் கேட்டால் ஆமாம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண் மருத்துவத்தில் ஒரு சிறு தொகுப்பு உலகத்தின் பழக்கத்தையே மாற்றியிருக்கிறது.

என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இங்கே எல்லாக் கிளினிக்கிலும் இருக்கும். 2001இல் கர்க் கெலாட்டும் மற்றவர்களும், அந்த மருந்து கொடுத்த பிறகு விழித்திரை கெட்டுப்போன 17 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். வெறும் 17. கண்பாப்பா விரிந்தபடி நிற்கும் கண், சுவரில் முட்டிக்கொள்ளும் பூனை. பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற எச்சரிக்கை இன்று அந்த மருந்துக்கு உண்டு. "நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கு டாக்டர், பூனைக்குக் கொடுக்கலாமா?" என்று வாட்சாப்பில் கேட்பவர்களுக்கு நான் ஒரே வார்த்தையில் பதில் போடுவதற்கு இதுதான் காரணம்.

ஒரு கேள்வியைத் துரத்துவது என்றால் என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பூனை ஹெர்ப்பிஸ். குட்டியில் சளிப்பிடித்து, கண் ஒட்டிக்கொண்டு, பெரிதான பிறகும் மன அழுத்தம் வரும்போதெல்லாம் கண்ணில் திரும்பி வரும் கிருமி. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பூனைகளில் இதைப் பார்க்காத வாரமே இல்லை.

மனிதர்களுக்கு ஹெர்ப்பிஸ் மருந்துகள் உண்டு. ஆனால் பூனை என்பது குட்டி மனிதன் அல்ல. வாலாசைக்ளோவிர் கொடுத்தால் பூனையின் எலும்பு மஜ்ஜையும் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஃபாம்சைக்ளோவிர் பாதுகாப்பாகத் தெரிந்தது. ஆனால் அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதில் பூனையின் உடல் மந்தம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சாரா தாமஸி, டேவிட் மாக்ஸ் ஆகியோரின் பட்டியல்களைப் பாருங்கள். 2007இல், மருந்து கொடுத்த பூனைகளின் இரத்தத்தில் அது எவ்வளவு சேர்கிறது என்று ஒரு கட்டுரை. அளவைக் கூட்டினால் அதே விகிதத்தில் இரத்தத்திலும் கூடவில்லை என்று அதில் தெரிந்தது. 2011இல், கிருமி செலுத்தப்பட்ட பூனைகளில் மருந்து வேலை செய்கிறதா என்று அடுத்தது. 2016இல், 2006 முதல் 2013 வரை மருத்துவமனைக்கு உண்மையிலேயே நோயோடு வந்த 59 பூனைகளின் கணக்கு.

முதலில் உடலுக்குள் மருந்தின் போக்கு, அடுத்து கட்டுப்பாட்டுக்குள் வைத்த நோய், கடைசியில் வீட்டுப் பூனை. ஒரு பட்டியலில் இப்படி ஒரு தடம் கிடைத்தால், அந்த ஆளிடம் பூனையைக் கொடுக்க எனக்குத் தயக்கமே வராது. தடம் இல்லாமல் இந்த வருடம் நாய்க்குக் கண்புரை, அடுத்த வருடம் முயலுக்குச் சொட்டு மருந்து, அதற்கடுத்து மீன் என்று தாவிக்கொண்டே இருந்தால், எந்த ஆய்வுக்குப் பணம் வந்ததோ அந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மலேசியாவில் ஆராய்ச்சி நிதி கிடைக்கும் விதத்தைப் பார்த்தால் அதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது.

பெட் ஷாப்பில் பூனைக்கண்ணுக்கு லைசின் பவுடர் விற்கிறார்கள். அதற்கும் ஆய்வுக்கட்டுரை இருக்கிறதாமே?

இருக்கிறது. நல்லது என்று சொன்னவையும் உண்டு, பயனில்லை என்றவையும் உண்டு. 2015இல் போல், பன்னிக் என்ற இருவர் அவற்றையெல்லாம் சேர்த்து அலசி, பூனை ஹெர்ப்பிஸைத் தடுக்கவோ குணப்படுத்தவோ லைசினுக்கு ஆற்றல் இல்லை, கொடுப்பதை உடனே நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். பவுடர் இன்னும் கடையில் விற்கிறது.

நாய்க்கண்ணைப் பற்றி எழுதி மனிதர்களுக்கு என்ன பயன்? அப்பா அப்படித்தான் கேட்கிறார்.

அப்பாவுக்கு உலர்கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? அதில் சைக்ளோஸ்போரின் என்று இருந்தால், அதன் கதையில் நாய்கள் உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான், உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் அந்த மருந்தை 1980களில் உலர்கண் நாய்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார். கண்ணீர் திரும்பியது. 1989இல் அவர் குழு எழுதிய கட்டுரை, தானாக உலர்கண் வந்த நாய் மனித நோய்க்கும் நல்ல மாதிரி என்று வாதிட்டது. அது வெளியானது மனிதக் கண் மருத்துவ ஆய்விதழில். முதலில் நாய்க்குக் களிம்பு வந்தது. மனிதர்களுக்கான சொட்டு மருந்து 2002 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்னொன்று இதைவிடப் பெரிது. சுவீடனின் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் 1989இல் பிரியார்ட் என்ற இன நாய்களில் பிறவியிலேயே வரும் ஒரு விழித்திரைக் குறையை விவரித்தார். அன்று அந்த வரியைப் பட்டியலில் பார்த்தவருக்கு 'எங்கேயோ சில குருட்டு நாய்கள்' என்றுதான் தோன்றியிருக்கும். 1998இல் அதற்குக் காரணமான மரபணு தெரியவந்தது: ஆர்பிஇ65. குழந்தைகளைப் பார்வையிழக்கச் செய்யும் ஒரு நோயிலும் இதே மரபணுதான் பழுது. 2001இல் கிரெகரி அக்லாண்ட், குஸ்டாவோ அகிர்ரே, ஜீன் பென்னட் ஆகியோரின் குழு மூன்று நாய்களின் கண்ணுக்குள் நல்ல மரபணுவைச் செலுத்திப் பார்வை கொடுத்தது. அவற்றில் ஒன்றான லான்ஸ்லாட் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய் வந்தது. 2017 டிசம்பரில் அதே வழியிலான சிகிச்சை, லக்ஸ்டர்னா, மனிதர்களுக்கு அங்கே அனுமதி பெற்றது.

முதல் கட்டுரைக்கும் மருந்துக்கும் இடையில் 28 வருடம். ஆகவே ஒருவருடைய பட்டியலின் மதிப்பு அவருடைய பட்டியலில் மட்டும் இருக்காது, பின்னால் வந்த மற்றவர்களின் பட்டியல்களிலும் கிடக்கும்.

நம் தமிழ் டாக்டர் ஒருவரைத் தேடினேன். இரண்டே கட்டுரைதான் வருகிறது. பெரிய ஆள் என்று சொன்னார்களே?

அவசரப்படாதீர்கள். இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தன் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்பா பெயர். வெளிநாட்டு ஆய்விதழ்களின் படிவம் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். அப்புறம் மேற்கோள் காட்டும்போது அப்பாதான் ஆராய்ச்சியாளர், மகள் வெறும் முதலெழுத்து. அடுத்த கட்டுரையில் உடன் எழுதியவர் யாராவது அதைத் திருப்பிப் போட்டுவிடுவார். மூன்றாவதில் கணினி 'ஏ/எல்' என்பதையும் பெயரோடு ஒட்டிவிடும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு நான்காவது அவதாரமும் உண்டு. பெயர் எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசவே வேண்டாம்: ஒரே பெயரில் ஓர் எழுத்தை விட்டும் சேர்த்தும் எழுதுவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம்.

இப்படி ஒரே ஆள் தரவுத்தளத்தில் மூன்று நான்கு பேராகச் சிதறிக் கிடப்பார். மறுபக்கம், 'குமார்' என்று தேடினால் இந்தியா முழுக்க இருக்கும் குமார்கள் ஒரே ஆளாக வந்து நிற்பார்கள்.

தீர்வு ஓர்கிட் எண். 2012இல் தொடங்கிய ஏற்பாடு, ஒருவருக்கு 16 இலக்கத்தில் ஓர் அடையாளம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் பெயரை இரண்டு வரிசையிலும் போட்டு, நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஆராய்ச்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள், ஓய்வு பெறும் வரை அதை மாற்றாதீர்கள்.

பெயர் வரிசையில் எந்த இடம் முக்கியம்?

முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர். கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வை நடத்திய மூத்தவர். நடுவில் இருப்பவர் இரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம், புள்ளிவிவரம் போட்டிருக்கலாம், துறைத்தலைவராக மட்டும் இருந்திருக்கலாம். 90இல் 80 கட்டுரையில் நடுவில் இருப்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

ஹெச்-இண்டெக்ஸ் என்று ஒன்று போட்டிருக்கிறதே?

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 12 இருந்தால் அவருடைய எண் 12. வசதியானதுதான். ஆனால் கால்நடைக் கண் மருத்துவம் சின்ன உலகம். எழுதுபவர்களும் குறைவு, மேற்கோள் காட்டுபவர்களும் குறைவு. மனித இதய மருத்துவரின் எண்ணோடு இதை ஒப்பிட்டால் இங்கே எல்லாரும் தோற்றுத்தான் போவார்கள்.

எந்த ஆய்விதழில் வந்தால் நம்பலாம்?

இந்தத் துறைக்கென்றே 'வெட்டெரினரி ஆப்தால்மாலஜி' 1998 முதல் வருகிறது. முன்னே சொன்ன 17 பூனைகள் அதில் வந்தவைதான். உள்ளூரில் மலேசியக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 'ஜுர்னல் வெட்டெரினர் மலேசியா' இருக்கிறது. உள்ளூர் இதழ் என்று ஒதுக்காதீர்கள். இங்கே எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதை அமெரிக்க இதழ் நமக்கு எழுதித் தராது.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் உண்டு. பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கும், கட்டுரை அனுப்பிய ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும். கண் மருத்துவம், வேளாண்மை, வணிக நிர்வாகம் மூன்றும் ஒரே இதழில் வந்தால் மூடி வைத்துவிடலாம்.

பட்டியலில் ஆடு, மாடு, குதிரை என்று வருகிறது. அவர் என் நாயைப் பார்ப்பாரா?

பார்ப்பார். மாட்டுக்கு மோராக்செல்லா கிருமியால் வரும் கண்நோய், குதிரைக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் உள்ளழற்சி எல்லாம் இந்தத் துறையின் பெரிய பாடங்கள். அந்தக் குதிரை நோய்க்கும், மழைக்காலத்தில் நாம் இங்கே பயப்படும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலின் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் தொடர்பு உண்டு. இதையெல்லாம் பார்த்த கண் உங்கள் நாயிடமும் கூடுதலாகத்தான் பார்க்கும்.

கட்டுரை நிறைய எழுதினவர் கண்புரை ஆபரேஷனும் நன்றாகச் செய்வாரா?

இதற்குப் பட்டியலில் பதில் இல்லை. எழுதும் கையும் அறுக்கும் கையும் வேறு. அதற்கு வேறு சான்று பார்க்க வேண்டும்: கால்நடைக் கண் மருத்துவர்களுக்கான அமைப்புகளான, 1970இல் தொடங்கிய அமெரிக்கக் கல்லூரி, 1992இல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரி போன்றவை பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகு தரும் 'டிப்ளோமேட்' பட்டம். முனைவர் பட்டமும் இதுவும் ஒன்றல்ல.

பிறகு நேராகக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று ஈஆர்ஜி எடுப்பீர்களா? முதல் வருடத்தில் எத்தனை முறை திரும்ப வரச் சொல்வீர்கள்? போன வருடம் செய்தவற்றில் எத்தனை கண்ணில் பிறகு அழுத்தம் ஏறியது? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல் ஓர் எண்ணைச் சொல்பவர் நல்லவர்.

உங்கள் நாய்க்கு நீரிழிவு இருந்தால் யோசிக்க அதிக நேரம் இல்லை. 1999இல் 200 நீரிழிவு நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. நோய் கண்டுபிடித்த 170 நாளுக்குள் பாதி நாய்களுக்கும், 470 நாளுக்குள் 80 விழுக்காட்டு நாய்களுக்கும் கண்புரை வந்திருந்தது. முற்றவிட்டால் லென்ஸ் கசிந்து கண்ணுக்குள் அழற்சி வரும், ஆபரேஷனும் கடினமாகும். 'தீபாவளி கழியட்டும்' என்று தள்ளிப்போடுகிற விஷயம் அல்ல இது.

கண் வெளியே வந்துவிட்டது! யாரிடம் போவது?

எந்தப் பட்டியலையும் படிக்காதீர்கள். திறந்திருக்கும் பக்கத்துக் கிளினிக்குக்கு இப்போதே கிளம்புங்கள். சுத்தமான சலைனோ செயற்கைக் கண்ணீரோ விட்டுக் கண்ணை ஈரமாக வையுங்கள். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், நாய் காலால் சொறிய விடாதீர்கள். ஷிஸூ, பெக்கினீஸ், பக் வகைகளுக்குக் கண்குழி ஆழமில்லாததால் சின்னச் சண்டையிலேயே இது நடக்கும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே வேண்டாம். கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணைக் கரைத்துக்கொண்டு போகும்.

இந்த ஆராய்ச்சிகளில் பிராணிகளைக் கொடுமைப்படுத்துகிறார்களா?

நியாயமான கேள்வி. 1944இல் வந்த டிரெய்ஸ் சோதனை, முயலின் கண்ணில் ரசாயனத்தை விட்டு எரிச்சலை அளந்தது. அந்தக் கறை இந்தத் துறையின் மேல் உண்டு. இன்று நல்ல ஆய்விதழ்கள் விலங்கு நலக் குழுவின் அனுமதியைக் கட்டுரையிலேயே எழுதச் சொல்கின்றன. மலேசியாவில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, 2017 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டுரையில் 'செய்முறை' பகுதிக்குப் போய் அனுமதி வரியைத் தேடுங்கள். பிராணிகள் எங்கிருந்து வந்தன என்றும் பாருங்கள்: உரிமையாளரோடு மருத்துவமனைக்கு வந்தவையா, ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவையா? இரண்டாவது என்றால் கடைசியில் அவை என்ன ஆயின என்று ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாத கட்டுரையை நான் பாதியில் வைத்துவிடுவேன்.

மகளுக்கு இந்தத் துறையில் ஆசை. எங்கே தொடங்குவது?

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் அல்லது மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகம், ஐந்து வருடக் கால்நடை மருத்துவப் பட்டம். பிறகு மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு. கண் சிறப்புப் பயிற்சி அதற்கு மேல் சில வருடம், பெரும்பாலும் வெளிநாட்டில். மைக்ரோஸ்கோப்பின் கீழ் நூலைவிட மெல்லிய தையல் போடும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முழுக் கட்டுரையைப் படிக்கப் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் சுருக்கம் இலவசம், பல நேரம் அதுவே போதும். முழுதும் வேண்டுமென்றால் கட்டுரையில் தொடர்புக்கென்று கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: என் நாய்க்கு இந்த நோய், உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று. ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள், சிலர் நாயின் படத்தையும் கேட்பார்கள்.